காசு கொடுத்து விடுவிக்கும் உயிர்: பௌத்தச் சடங்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாங்காக் படித்துறைகளில் மீன் பையோடு நிற்பவர்களையும், கம்போடியத் தலைநகர் நோம் பென் அரண்மனை எதிரே கூண்டுக் குருவி விற்பவர்களையும் பார்த்துத் திரும்பும் தமிழர்கள் கேட்கும் கேள்விகள் இவை. சிங்கப்பூரில் வசிப்பவர்கள் புத்தர் பிறப்பைக் கொண்டாடும் ஒவ்வொரு விசாக தினத்தின்போதும் கேட்பவையும் இதில் அடக்கம்.

இது என்ன சடங்கு?

கொல்லப்படவோ அடைபட்டுக் கிடக்கவோ இருக்கும் ஓர் உயிரை மீட்டு வெளியே விடுவது. சீனர்கள் ஃபாங்ஷெங் என்கிறார்கள். கொரியாவில் பாங்சேங், ஜப்பானில் ஹோஜோயே, திபெத்தில் செத்தர். தாய்லாந்தில் பிறந்தநாள், நோய், புத்தாண்டு என எந்தக் காரணத்துக்காகவும் பறவையோ மீனோ விடுவிக்கிறார்கள்.

சீன மரபில் இது விரிவான சடங்கு. உயிர்கள் இருக்கும் வாளிகளின் மேல் மந்திரித்த நீரைத் தெளிக்கிறார்கள். புத்தம், தம்மம், சங்கம் என்ற மூன்று சரணங்களையும் அவற்றின் சார்பில் சொல்கிறார்கள். முற்பிறவித் தீவினைகளுக்கு மன்னிப்புக் கேட்கிறார்கள். அந்த மீனோ ஆமையோ அந்த நொடியிலிருந்து புத்தரின் சீடராகக் கருதப்படுகிறது. அடுத்த பிறவி நல்லதாக அமையும் என்று நம்புகிறார்கள். வேடிக்கைக்காகவோ சுற்றுலாப் பயணிகளுக்காகவோ தோன்றிய வழக்கமல்ல இது. இதைச் செய்பவர்களில் பெரும்பாலோர் உண்மையான இரக்கத்தோடு செய்கிறார்கள். அதை மதித்துக்கொண்டுதான் மற்றவற்றைப் பேச வேண்டும்.

புத்தர் இப்படிச் செய்யச் சொன்னாரா?

கூண்டுப் பறவையை விலைக்கு வாங்கி விடச் சொன்னதாகப் பாலி நூல்களில் இல்லை. ஆனால் மிக அழகான ஒரு வழக்கு, துறவிகளுக்கான விதிகளைச் சொல்லும் விநயப் பிடகத்தில் இருக்கிறது. வேடனின் கண்ணியில் சிக்கிய பன்றியை ஒரு பிக்கு இரக்கப்பட்டு அவிழ்த்துவிடுகிறார். வேடனின் பொருளைத் திருடியதாக ஆகிவிடுமோ என்று பிறகு கலங்குகிறார். இரக்கத்தால் செய்தவருக்குக் குற்றமில்லை என்பது புத்தரின் தீர்ப்பு. மான், மீன் பற்றியும் இதே போன்ற வழக்குகள் அங்கே உண்டு.

மகாயான மரபில் இரண்டு நூல்களை ஆதாரம் காட்டுவார்கள். சுவர்ணப்பிரபாச சூத்திரத்தில் வரும் ஜலவாகனன், வற்றிப்போகும் குளம் ஒன்றில் பத்தாயிரம் மீன்கள் துடிப்பதைப் பார்க்கிறான். அரசனிடம் இருபது யானைகளைக் கேட்டுவாங்கி, அவற்றின் மேல் தண்ணீர் சுமந்துவந்து குளத்தை நிரப்புகிறான். மீன்களுக்கு உணவும் கொண்டுவந்து போடுகிறான். இரண்டாவது, 5ஆம் நூற்றாண்டில் சீனாவில் உருவானதாக அறிஞர்கள் கருதும் பிரம்மஜால சூத்திரம். எண்ணற்ற பிறவிகளில் எல்லா உயிர்களும் நமக்குத் தாயாகவும் தந்தையாகவும் இருந்திருக்கின்றன, ஆகவே அவற்றை விடுவி என்கிறது அது.

கவனித்துப் பாருங்கள். கண்ணியை அவிழ்த்த பிக்குவின் கதையிலும், யானை மேல் நீர் சுமந்த ஜலவாகனனின் கதையிலும் விற்பவர் என்று ஒருவர் இல்லை. ஆபத்தில் இருக்கும் உயிர் தற்செயலாகக் கண்ணில் படுகிறது; கண்டவர் ஏதோ ஒன்றைப் பணயம் வைத்தோ பாடுபட்டோ காப்பாற்றுகிறார். இந்தச் சடங்கைப் பற்றி எனக்குள்ள கருத்தெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறப்பதுதான்.

பிறகு எப்படி இது கடைத்தெருவுக்கு வந்தது?

மெதுவாக. தியான்தாய் மரபை நிறுவிய ஸீயி (538–597) சீனக் கடற்கரை மீனவர்களிடம் பேசி மீன்பிடிப்பைக் கைவிடச் செய்தார். தாங் வம்சப் பேரரசர் சூசோங் 759இல் 81 விடுவிப்புக் குளங்களை அமைக்க ஆணையிட்டார். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாங்சோ நகரின் மேற்கு ஏரியே விடுவிப்புக் குளமாக அறிவிக்கப்பட்டது. மிங் காலத்துத் துறவி ஸூஹோங் (1535–1615) எழுதிய பிரசாரக் கட்டுரைகளால் ஊருக்கு ஊர் விடுவிப்புச் சங்கங்கள் பெருகின. சந்தையில் மீனும் பறவையும் வாங்கி மாதந்தோறும் கூட்டாக விடுவது பரவலான வழக்கமானது. ஜப்பானின் எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) பாலத்தடியில் ஆமை விற்பவர்கள் இருந்தார்கள். ஹிரோஷிகே 1857இல் வரைந்த ஃபுகாகாவா மன்னென் பாலக் காட்சியில், விடுவிக்க ஆள் வருவதற்காகக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும் ஆமையை இன்றும் பார்க்கலாம்.

எதிர்ப்புக் குரலும் பழையதுதான். லியெட்ஸு என்ற சீனத் தாவோ நூலில் ஒரு கதை வருகிறது. புத்தாண்டுக் காலையில் ஹாண்டான் மக்கள் தங்கள் தலைவருக்குப் புறாக்களைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். விடுவித்துக் கருணை காட்டப்போவதாக அவர் மகிழ்கிறார். அருகிலிருந்த விருந்தினர் சொல்கிறார்: நீங்கள் விடுவிக்க விரும்புவது தெரிந்து மக்கள் போட்டி போட்டுக்கொண்டு பிடிக்கிறார்கள், அதில் பல செத்துப்போகின்றன, அவை வாழ வேண்டுமென்றால் பிடிக்கக் கூடாது என்று ஆணையிடுங்கள். தலைவர் ஏற்றுக்கொள்கிறார். இன்றைய சூழலியலாளர் ஒருவர் இதற்கு மேல் சேர்த்துச் சொல்ல அதிகமில்லை.

இன்றைய நகரங்களில் எவ்வளவு நடக்கிறது?

நினைப்பதைவிட மிக அதிகம். 2012இல் வெளியான ஓர் ஆய்வு, நோம் பென் நகரில் மட்டும் ஆண்டுக்கு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுப் பறவைகள் புண்ணிய விடுவிப்புக்காக விற்கப்படுவதாகக் கணக்கிட்டது. தைவானில் ஆண்டுக்கு 20 கோடி உயிர்கள் வரை விடுவிக்கப்படுவதாக விலங்கு நல அமைப்புகள் மதிப்பிட்டன; மீன்குஞ்சு முதல் பாம்பு வரை எல்லாம் இதில் சேர்த்தி.

பாங்காக்கில் சாவ் பிரயா ஆற்றங்கரைக் கோயில்களுக்குப் போனால் பிளாஸ்டிக் தொட்டிகள் வரிசையாக இருக்கும். ஆமை விட்டால் நீண்ட ஆயுள், விலாங்கு விட்டால் தொழில் தடையின்றி ஓடும், கெளுத்திக்கு ஒன்று, நத்தைக்கு ஒன்று எனப் பலன் சொல்கிறார்கள். தமிழ் வாசகருக்கு வியப்பளிக்கும் ஒன்றும் அங்கே உண்டு. நம் ஊர் மீன்தொட்டிக் கடைகளில் ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கிறார்களே, அந்தத் தென் அமெரிக்கக் கறுப்பு மீனைத் தாய்லாந்து வியாபாரிகள் ராகு மீன் என்று பெயரிட்டு விற்றிருக்கிறார்கள். ராகுவுக்குக் கறுப்புப் பொருட்களைப் படைப்பது அங்கும் வழக்கம். ஆற்றுக்கு ஒவ்வாத மீன் ஒன்று கிரக தோஷப் பரிகாரமாகி ஆற்றில் இறங்குகிறது.

விடுவித்த உயிர் பிழைக்கிறதா?

பல பிழைப்பதில்லை. காற்றில்லாத பையில் மணிக்கணக்கில் கிடந்த மீன், சட்டென்று வேறு வெப்பநிலையுள்ள நீரில் விழுகிறது. நிலத்தில் வாழும் ஆமையைக் குளத்தில் எறிகிறார்கள், அது மூழ்கிவிடுகிறது. நன்னீர் ஆமையைக் கடலில் விடுகிறார்கள். புள்ளிச் சில்லை போன்ற சின்னஞ்சிறு பறவைகள் கூட்டமாக வாழ்பவை. வலையில் சிக்கும்போதும், கூண்டில் நெருக்கியடித்துக் கொண்டுவரும்போதும், தண்ணீரின்றி வெயிலில் காத்திருக்கும்போதும் சாகின்றன. உயிரோடு பறப்பவையும் களைத்துப்போய்ப் பக்கத்து மரத்திலேயே உட்கார்ந்து திரும்பப் பிடிபடுகின்றன. மீன்களுக்கும் இதே கதி: மேலே ஒரு கூட்டம் மந்திரம் சொல்லி மீனை விட, கொஞ்சம் கீழே வலையோடு வேறொரு கூட்டம் காத்திருக்கும் காட்சி சீன நகரங்களில் புதிதல்ல.

பிழைத்துக்கொண்டால் நல்லதுதானே?

உயிருக்கு நல்லது. ஆற்றுக்கு நல்லதா என்பது எந்த உயிர் என்பதைப் பொறுத்தது.

காதருகே சிவப்புக் கோடு உள்ள ஆமையை எடுத்துக்கொள்ளுங்கள். மிசிசிப்பிப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தது; செல்லப்பிராணி வணிகத்தால் உலகம் முழுக்கப் பரவியது. விரலளவில் வாங்கும்போது அழகாக இருக்கும். வளர்ந்தால் ஓர் அடி நீளத்தை நெருங்கும், பல பத்தாண்டுகள் வாழும். மலிவாகக் கிடைப்பதால் கிழக்காசியக் கோயில் குளங்கள் பலவற்றிலும் இதைத்தான் விட்டார்கள். உள்ளூர் ஆமைகளின் உணவையும் வெயில்காயும் பாறைகளையும் இது பறித்துக்கொள்கிறது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இதற்கு இடம் உண்டு. தென் கொரியா 2001இல் இதன் இறக்குமதியைத் தடைசெய்தது. சீனாவின் யுன்னான் மாநிலத்தில் அமெரிக்கக் காளைத் தவளை பரவியதற்கும் இந்தச் சடங்குக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தைவானில் பணியாற்றிய கோவிந்தசாமி அகோரமூர்த்தி, மின்னா சூ ஆகிய இருவரும் 2005லேயே இந்த ஆபத்தை அறிவியல் இதழில் எழுதி எச்சரித்தார்கள்.

ஆசியாவோடு முடிந்த விஷயமுமல்ல. 2015இல் இங்கிலாந்தின் பிரைட்டன் கடலில் பௌத்தக் குழு ஒன்று அமெரிக்க லாப்ஸ்டர்களையும் டஞ்சனஸ் நண்டுகளையும் நூற்றுக்கணக்கில் விடுவித்தது. அவற்றைத் திரும்பப் பிடிக்க அரசு மீனவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது; தொடர்புடைய இருவருக்கு 2017இல் சுமார் 15,000 பவுண்டு அபராதம் விழுந்தது.

பறவைக் காய்ச்சல் பற்றிச் சொல்கிறார்களே?

காரணமில்லாமல் அல்ல. பல இனப் பறவைகளை ஒரே கூண்டில் அடைத்து, பிறகு கையில் பிடித்து, முத்தமிட்டு விடும் வழக்கம் கிருமிக்குத் திறந்த கதவு. குழந்தைகள் கையில் கொடுக்கவே வேண்டாம்.

அதெல்லாம் சரி. என் கண்முன்னே கூண்டில் தவிக்கும் பறவையை விட்டுவிட்டுப் போவதா கருணை?

இதுதான் கடினமான கேள்வி. கேட்பவரின் மனம் சரியான இடத்தில் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தப் பறவை ஏன் அந்தக் கூண்டில் இருக்கிறது? சமைத்துத் தின்பதற்காக அல்ல, வளர்ப்பதற்காகவும் அல்ல. நீங்கள் வருவீர்கள் என்பதற்காக. உங்கள் இரக்கத்தை நம்பித்தான் யாரோ ஒருவர் விடியற்காலையில் வயலில் வலை கட்டினார். நீங்கள் பணம் கொடுத்ததும் கூண்டு காலியாகிறது. காலியான கூண்டு நாளைக்கு நிரப்பப்பட வேண்டும். நீங்கள் விடுவித்தது ஒரு பறவை. நீங்கள் பிடிக்கச் சொன்னதும் ஒரு பறவை; வழியில் இறந்தவற்றையும் சேர்த்தால் ஒன்றுக்கு மேல். வலையில் சிக்கிய கணத்தில் நீங்கள் அங்கே இல்லாததால் அது உங்கள் கணக்கில் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அதனால் வாங்காமல் நகர்ந்து போகச் சொல்கிறேன். மனம் வலிக்கும். அந்த ஒரு பறவை அன்று விடுபடாமலும் போகலாம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் வாங்குபவர் குறைந்த ஊரில் வலை கட்டுபவரும் குறைகிறார். வேறு எந்த வழியிலும் அந்தக் கூண்டு ஒழியாது.

எண்ணம் தூய்மையாக இருந்தால் புண்ணியம் உண்டல்லவா?

எண்ணமே வினை என்பது, அங்குத்தர நிகாயம் என்ற பாலித் தொகுப்பில் உள்ள புத்தரின் வாக்கு. அதே நிகாயம் இல்லறத்தார் செய்யக் கூடாத ஐந்து வணிகங்களையும் சொல்கிறது: ஆயுதம், உயிர், இறைச்சி, மது, நஞ்சு. உயிர் வணிகம் ஆகாது என்று சொன்னவரின் பெயரால் உயிர் வணிகத்துக்கு வாடிக்கையாளராக இருப்பது எப்படிப் பொருந்தும்? தெரியாமல் செய்தவரின் எண்ணம் தூய்மையானதே. தெரிந்த பிறகும் தொடர்ந்தால் எண்ணத்தைத் தனியாகப் பிரித்துக் காட்ட முடியாது.

விற்பவர்கள் பரம ஏழைகள் ஆயிற்றே?

ஆம். அவர்களை வில்லன்களாகக் காட்டும் கட்டுரைகள் எனக்குப் பிடிப்பதில்லை. கோயில் வாசலில் மாலையும் ஊதுவத்தியும் விற்பவரிடம் வாங்குங்கள். சில இடங்களில் ஒரே குடும்பமே எல்லாவற்றையும் விற்கும்.

கசாப்புக்குப் போகும் மாட்டை மீட்பதும் இதே தவறா?

இல்லை, இது வேறு. அந்த மாடு விடுவிப்பவருக்காகப் பிடிக்கப்பட்டதல்ல. திபெத்தில் செத்தர் சடங்கில் மீட்கும் யாக் என்ற மலைமாட்டின் காதில் வண்ண நூல் கட்டி மந்தையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். அதை இனி யாரும் கொல்லக் கூடாது. மூப்படைந்து சாகும்வரை வைத்துக் காப்பாற்ற வேண்டும். இலங்கையிலும் விகாரைகளும் பக்தர்களும் இறைச்சிக்குப் போகும் மாடுகளை மீட்டு ஏழை விவசாயிகளுக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டு. பிறகு அந்த மாடு மறுபடி விற்கப்படாமல் பார்த்துக்கொண்டால்தான் அது மீட்பு.

மீட்டவருக்குப் பொறுப்பு தொடர்கிறது என்பதுதான் இங்கே அழகு. பறவையைக் கையை விரித்து விட்டதும் நம் வேலை முடிந்துவிடுகிறது. யாக்குக்கு அடுத்த குளிர்காலத்திலும் தீனி வேண்டும்.

திபெத்திய குரு சத்ரல் ரின்போச்சே (1913–2015) ஆண்டுதோறும் கொல்கத்தாவில் சந்தை மீன்களை லாரி லாரியாக வாங்கி நீரில் விட்டார். உணவுச் சந்தை மீன் என்பதால் கூண்டுக் குருவியோடு அதை ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனாலும் இன்று யாராவது அப்படிச் செய்வதென்றால் அந்த மீன் அந்த நீருக்குரியதா என்று தெரிந்தவரிடம் முதலில் கேட்க வேண்டும்.

கோயிலில் விட்டால் பாதுகாப்புதானே? நாய், பூனையெல்லாம் அங்கே வாழ்கின்றனவே?

பாங்காக்கில் வளர்க்க முடியாத நாயையும் பூனையையும் விகாரையில் விட்டுவிட்டுப் போவது பழைய வழக்கம். பிக்குகள் பிட்சையில் மிஞ்சியதைப் போடுகிறார்கள். சொறி பிடித்தும் சண்டையிட்டும் குட்டி போட்டும் அவை பெருகுகின்றன. தடுப்பூசியும் கருத்தடையும் யார் செலவு? பினாங்கு கெக் லோக் சி கோயிலின் ஆமைக் குளத்தைப் பார்த்தவர்களுக்கு மற்றொன்றும் தெரியும்: பக்தர்கள் கங்குங் கீரை கொடுக்க, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வரும் ஆமைகள். அடுக்குமாடியில் வாழும் மனிதனுக்கு ஓர் உயிரின் அருகில் நிற்கக் கிடைக்கும் அரிய இடம் அது. அந்த ஏக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நகரம் தன் வேண்டாத உயிர்களையெல்லாம் கொண்டுவந்து சேர்க்கும் இடமாகக் கோயிலை ஆக்கிவிட்டு அதைப் புண்ணியம் என்று சொல்லக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூரில் அனுமதியின்றி வனவிலங்கை விடுவிப்பது குற்றம். தேசியப் பூங்காக் கழகம் விசாக தினத்தையொட்டிப் பூங்காக்களிலும் நீர்த்தேக்கங்களிலும் தொண்டர்களை நிறுத்தி வருபவர்களிடம் பேச வைக்கிறது. சீனாவில் 2017 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, அந்த இடத்துக்குரிய இனத்தை மட்டுமே, பிறருக்கும் சூழலுக்கும் கேடில்லாமல் விட வேண்டும். இந்தியாவில் சில்லைகளையும் கிளிகளையும் பிடிப்பதும் விற்பதுமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் குற்றம்.

பௌத்த குருமார்களே எதிர்த்திருக்கிறார்களா?

நிறைய பேர். தைவானின் தர்ம முரசு மலை மடத்தை நிறுவிய ஷெங் யென் (1930–2009) வியாபாரிகளிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்கி விடுவதைக் கடுமையாக எதிர்த்து, வாழிடப் பாதுகாப்பிலும் மீட்பு நிலையங்களிலும் அந்தப் பணத்தைச் செலவிடச் சொன்னார். எதிர்ப்பு மதத்துக்கு வெளியிலிருந்து வந்ததாக நினைப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

தமிழ் பௌத்தத்தில் இதற்கு இடம் இருந்ததா?

மணிமேகலையில் வரும் ஆபுத்திரனை நினைத்துக்கொள்ளுங்கள். வேள்விச்சாலையில் கொம்பில் மாலை சூட்டிக் கட்டியிருக்கும் பசுவைப் பார்த்து நெஞ்சு பதறி, இரவில் அதை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போகிறான். பிடிபட்டு அடிபடுகிறான், பசுத் திருடன் என்ற பழியோடு ஊரைவிட்டுப் போகிறான். கண்ணியை அவிழ்த்த பிக்குவின் அதே வழக்கு. காசு கைமாறவே இல்லை.

சடங்கை அடியோடு விட மனமில்லை. வேறு எப்படிச் செய்யலாம்?

பிடிக்காமல் விடுவதுதான் மூத்த வடிவம். அசோகரின் ஐந்தாம் தூண் கல்வெட்டு கிளி, மைனா, வௌவால், ஆமை எனப் பெயர் சொல்லிக் காக்கிறது. மாதத்தின் சில நாட்களில் மீன் பிடிக்கவும் விற்கவும் கூடாது என்கிறது. தாய்லாந்தில் கோயில் முன்னுள்ள ஆற்றுப்பகுதியை அபயதான எல்லையாக அறிவித்து மீன்பிடிப்பைத் தடுக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. படித்துறையில் நின்றால் பெரிய பெரிய மீன்கள் காலடியில் புரள்வதைப் பார்க்கலாம். வட தாய்லாந்தின் ஙாவ் ஆற்றில் கிராமத்தார் தாமே ஏற்படுத்திய மீன்பிடிக்காத பகுதிகளை ஆராய்ந்த கட்டுரை 2020இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. அந்தச் சிறு பகுதிகளுக்குள் மீன் இனங்கள் வெளியே இருப்பதைவிடக் கூடுதலாக இருந்தன; மீன்களின் மொத்த எடை பல மடங்கு கூடியிருந்தது. ஒரு பை மீனை விடும் பணத்தை அப்படி ஓர் எல்லையைக் காக்கக் கொடுக்கலாம்.

கையால் விடுவித்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கும் வழி உண்டு. டெல்லி செங்கோட்டை எதிரே சமணர் நடத்தும் பறவை மருத்துவமனையில், பட்டக் கயிறு அறுத்தும் மின்விசிறியில் அடிபட்டும் வந்த பறவைகளுக்குச் சிகிச்சை அளித்து, தேறியதும் வெளியே விடுகிறார்கள். உரிமையாளர் கேட்டாலும் திருப்பித் தருவதில்லை. உங்கள் ஊரில் உள்ள மீட்பு நிலையத்துக்கு ஓராண்டு மருந்துச் செலவை ஏற்றுக்கொண்டு, தேறிய பறவையை அவர்கள் விடும் நாளில் போய் நின்று உங்கள் மந்திரத்தைச் சொல்லுங்கள்.

வீட்டில் வளர்த்த ஆமையை வைத்துக்கொள்ள முடியவில்லை. கோயில் தெப்பக்குளத்தில் விடலாமா?

விடக் கூடாது, ஏரியிலும் கிணற்றிலும்கூட. அயல்நாட்டு ஆமை என்றால் வளர்க்கத் தெரிந்த வேறொருவரைத் தேடுங்கள், அல்லது கால்நடை மருத்துவரிடம் யோசனை கேளுங்கள். நட்சத்திர ஆமை போன்ற நம் நாட்டு இனம் என்றால் அதை வீட்டில் வைத்திருப்பதே சட்டவிரோதம். வனத்துறை அலுவலகத்தை அழைத்து ஒப்படைத்துவிடுங்கள். அதுவரை நிழலும் தண்ணீரும் வேளாவேளைக்கு உணவும் கொடுத்துவாருங்கள்.